அமெரிக்காவுல, அரிசோனா மாநிலம் பீனிக்ஸ்ல இப்படி யாருக்காவது நடந்திருக்கா? வக்கீல் தேவை

வணக்கம் மக்களே. போன சனிக்கிழமை ராத்திரி, பின்பக்க லைட் எரியலைன்னு என் வீட்டுக்காரரை லோக்கல் போலீஸ் நிறுத்தியிருக்காங்க. எடுத்த எடுப்பிலேயே ஸ்பானிஷ்ல பேச்சு! புரியலைன்னதும் "எந்த நாடு, பேப்பர் எங்க?"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. அரிசோனா லைசென்ஸை நீட்டியும் விடலை. எச்-1பி வேலை விசா பேப்பர் போன்ல போட்டோவா இருந்தது, அதையும் ஏத்துக்கலை. நாற்பது நிமிஷம் ரோட்டோரம் நிக்க வெச்சுட்டு, கடைசியில லைட்டுக்கு ஒரு வார்னிங் சீட்டு.

2010ல அரிசோனாவுல வந்த எஸ்.பி. 1070ங்கிற குடியேற்றச் சட்டத்துல மூணு பிரிவை 2012ல ரத்து பண்ணின சுப்ரீம் கோர்ட், போலீஸ் பேப்பர் கேட்கிற பிரிவை விட்டுவெச்சது. சரி. ஆனா செல்லுபடியாகிற அரிசோனா லைசென்ஸ் இருந்தா சட்டப்படி இருக்கிறவர்னு எடுத்துக்கணும்னு அதே சட்டத்துல இருக்கே?

போலீஸ் உடம்புல மாட்டியிருக்கிற பாடி கேமரா பதிவைக் கேட்டு வாங்கினவங்க யாராவது இருக்கீங்களா? இதுக்கு இமிக்ரேஷன் வக்கீலா, சிவில் உரிமை வக்கீலா? நஷ்டஈடு கேட்கிறதா இருந்தா 180 நாளுக்குள்ள நோட்டீஸ் கொடுக்கணுமாம். இவரோ, "விசா நீட்டிப்புக்குப் போட்டிருக்கோம், வம்பு வேண்டாம்"ங்கிறார். புகார் கொடுத்தா அது பாதிக்குமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க, இன்பாக்ஸ்லயும் வரலாம்.