ஒரு ரூபாய் ட்ரையல்னு அமுக்கினாங்க, மூணு மாசமா 399 போகுது. எப்படி நிறுத்துறது?

மேலூர்_பையன்:
வணக்கம். இது அம்மா போன்ல நடந்தது. யூடியூப்ல பக்திப் பாட்டு கேட்டுட்டு இருந்தப்ப நடுவுல ஒரு விளம்பரம். ரெண்டு ரெண்டு நிமிஷமா நாடகம் காட்டுற ஆப். மாமியார்காரி கையை ஓங்கிட்டு மருமகள் மேல பாயுற இடத்துல டக்குனு நிறுத்தி, "மீதியை இலவசமாகப் பாருங்கள்"னு மஞ்சள்ல கொட்டை எழுத்து. அம்மா அமுக்கிட்டாங்க. ஆப் இறங்கி, ஒரு ரூபாய் கேட்டிருக்கு. பின் நம்பர் போட்டுட்டாங்க. "ஒத்த ரூவாதானேப்பா"ங்கிறாங்க. நான் என்ன சொல்ல?

நேத்து பாஸ்புக்ல என்ட்ரி போட்டப்பதான் தெரிஞ்சது. மாசம் 399 வீதம் மூணு தடவை போயிருக்கு. மொத்தம் 1,197 ரூபாய். நூறு நாள் வேலைக் காசு விழுற கணக்கு அது. ஆப்பை அம்மா அந்த வாரமே டெலிட் பண்ணிட்டாங்க ("ஒரே அழுகைப்பா, பிடிக்கல"). அப்புறமும் எப்படிக் காசு போகுது? பின் போடாம எப்படி எடுக்க முடியும்? பேங்க்ல கேட்டா "நீங்கதானேம்மா ஓகே குடுத்திருக்கீங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

சும்மா_ஒருத்தன்:
அந்த ஆப் பேரைப் போட்டு கஸ்டமர் கேர்னு கூகுள்ல தேடுங்க ப்ரோ. நம்பர் வரும், கால் பண்ணா ரீஃபண்ட் குடுத்துருவான்.

பழைய_கேஷியர்:
தம்பி, அதை மட்டும் செய்துவிடாதீர்கள். தேடலில் முதலில் வரும் நம்பர் பல நேரம் திருட்டு நம்பராக இருக்கும். ரீஃபண்ட் தருகிறேன் என்று திரையைப் பகிரும் ஆப் ஒன்றை இறக்கச் சொல்வான். 1,197 போன இடத்தில் மொத்தக் கணக்கும் போகும்.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மா போட்ட பின் ஒரு ரூபாய்க்கு மட்டும் இல்லை. அதோடு சேர்த்து "மாதாமாதம் எடுத்துக்கொள்" என்று யூபிஐ ஆட்டோபேவுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அந்த அனுமதி வங்கிக் கணக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஆப்பின் மேல் அல்ல. ஆப்பை அழித்தாலும், போனையே மாற்றினாலும் அது பாட்டுக்கு ஓடும். 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு மாதமும் பின் கேட்கத் தேவையில்லை என்பது ரிசர்வ் வங்கி விதி. அதற்கு முன் 5,000 ஆக இருந்தது, 2022 ஜூனில் உயர்த்தினார்கள். கரண்ட் பில், இன்சூரன்ஸ் கட்டுகிறவர்களுக்கு நல்ல வசதிதான். அந்த வசதியில்தான் இவனும் தொற்றிக்கொள்கிறான்.

நிறுத்துவது சுலபம். எந்த பேமெண்ட் ஆப்பில் பின் போட்டார்களோ அதைத் திறந்து, மேலே இருக்கும் புரொஃபைல் படத்தை அமுக்கி உள்ளே போனால் ஆட்டோபே என்று இருக்கும். "பாஸ்" வேண்டாம், அது தற்காலிகம். "கேன்சல்" கொடுங்கள். அதற்கும் பின் கேட்கும், பயப்படாமல் போடலாம்.

மேலூர்_பையன்:
ஐயா, கண்டுபிடிச்சு கேன்சல் பண்ணிட்டேன். ரொம்ப நன்றி. ஆனா உள்ளே போனா இன்னொண்ணும் இருந்தது! ராசிபலன் ஆப், மாசம் 199, அடுத்த வாரம் எடுக்க வேண்டியது. அதையும் சேர்த்துத் தூக்கிட்டேன்.

அந்த நாடக ஆப் அனுமதியில "ரூ.399 வரை, மாதந்தோறும், 2055 வரை"ன்னு போட்டிருக்கு. அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். "அதுவரைக்கும் நான் இருப்பேனாடா"ன்னு சிரிக்கிறாங்க.

நிதானம்_பிரதானம்:
ஒரு கேள்வி. நிபந்தனையைப் படிக்காமல் பின் போட்டது யார் தப்பு? எல்லாத்துக்கும் கம்பெனியைத் திட்டினால் எப்படி?

மேலூர்_பையன்:
படிக்கிற மாதிரி போட்டாத்தானே சார்? "இலவசம்" தமிழ்ல, அரை ஸ்கிரீனுக்கு. 399 கதை அதுக்குக் கீழே சாம்பல் கலர்ல, எறும்பு சைஸ்ல, இங்கிலீஷ்ல. அம்மா அஞ்சாங்கிளாஸ். நானே ஸ்கிரீனைப் பெரிசு பண்ணித்தான் படிச்சேன்.

கோர்ட்டு_வாசல்:
தம்பி, நீங்க சொன்ன அந்த ஒரு வரிதான் உங்க கேஸே. விடாதீங்க.

2022 ஜூன்ல தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறை கொண்டு வந்தது. விளம்பர வாசகம் எந்த மொழியில இருக்கோ அதே மொழியிலதான் நிபந்தனையும் இருக்கணும், எழுத்து வடிவமும் (ஃபான்ட்) அதேயா இருக்கணும்னு அதுல நேரடியாவே இருக்கு. தமிழ்ல கூப்பிட்டு இங்கிலீஷ்ல மாட்டிவிடக் கூடாது. இலவசம்னு சொன்னா, கொண்டு வந்து தர்ற செலவு மாதிரி தவிர்க்க முடியாததைத் தவிர வேற எதுவும் வாங்கக் கூடாதுன்னும் இருக்கு.

அடுத்தது 2023 நவம்பர்ல வந்தது. டார்க் பேட்டர்ன்னு, அதாவது ஆளை ஏமாத்தி அமுக்க வைக்கிற திரை வடிவமைப்புல, 13 வகையைத் தடை பண்ணினாங்க. அதுல ஒண்ணு சந்தா வலை. இலவசச் சந்தாவுக்கு ஆட்டோ டெபிட் அனுமதி கேட்டுக் கட்டாயப்படுத்துறதையே அதுக்கு உதாரணமா எழுதியிருக்காங்க. நிதானம் சாருக்கும் இதுதான் பதில். படிக்காதவங்க தப்பு கொஞ்சம் இருக்கட்டும், படிக்க விடாம செஞ்சவன் தப்பைச் சட்டம் தனியாப் பார்க்குது.

விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட் இருக்கா? இல்லேன்னா கூகுளோட விளம்பர வெளிப்படைத்தன்மை மையத்துல அந்தக் கம்பெனி பேரைப் போட்டுத் தேடுங்க. யூடியூப்ல ஓடுற விளம்பரமும் அங்க இருக்கும். கிடைச்ச உடனே படம் எடுத்து வச்சுக்கோங்க. தூக்கிட்டா போச்சு.

மேலூர்_பையன்:
இருக்கு அக்கா!! அதே மாமியார், அதே மஞ்சள் எழுத்து. ரெக்கார்டும் பண்ணிட்டேன்.

பழைய_கேஷியர்:
இன்னொன்று பாருங்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது தகவல் வர வேண்டும் என்பது விதி. வந்ததா?

மேலூர்_பையன்:
வந்திருக்கு ஐயா. மூணு மாசமும் முந்தின நாள் எஸ்எம்எஸ் இருக்கு. இங்கிலீஷ்ல, "உங்களுக்கு 5 லட்சம் லோன் ரெடி" குப்பைக்கு நடுவுல.

பழைய_கேஷியர்:
அப்படியானால் வங்கி மேல் புகார் நிற்காது. அங்கே நேரத்தை வீணடிக்க வேண்டாம், கம்பெனியைப் பிடியுங்கள்.

கோர்ட்டு_வாசல்:
ஆமா. முதல்ல ஆப் பக்கத்துல இருக்கிற மெயில் ஐடிக்கு ஒரு மெயில். மூணு டெபிட்டோட தேதி, பரிவர்த்தனை எண், விளம்பரப் படம் மூணையும் இணைச்சுடுங்க. கதை வேண்டாம், நாலே வரி. பதில் சரியில்லேன்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழ்லயே பேசலாம். அவங்களால தீர்ப்பு சொல்ல முடியாது, ஆனா புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேப்பாங்க. சின்னத் தொகைக்குப் பல கம்பெனி அதுலயே இறங்கி வந்துடும். அதுக்கும் மசியலேன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்ல. (வக்கீலே இதைச் சொல்றேன், பாத்துக்கோங்க.)

மேலூர்_பையன்:
பதினெட்டு நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். மெயிலுக்கு மொதல்ல ஒரு ரெடிமேட் பதில். "எங்கள் விதிமுறைகளை ஏற்றுக்கொண்டீர்கள்." திரும்ப எழுதினேன், கடைசி மாசக் காசு மட்டும் தர்றோம்னாங்க. 1915ல புகார் பதிஞ்சு, அந்தப் புகார் எண்ணையும் விளம்பரப் படத்தையும் மெயில்ல போட்டேன். நாலாவது நாள் 798 ரூபாய் வந்துடுச்சு. முதல் மாசம் "பயன்படுத்தியிருக்கிறீர்கள்"னு 399-ஐப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்த 399-க்காக ஆணையம் போகலாமான்னு யோசிக்கிறேன், அம்மா வேண்டாங்கிறாங்க.

கோர்ட்டு_வாசல்:
வாங்கினவரைக்கும் லாபம். ஆனா அந்த விளம்பரம் இன்னும் ஓடுதுன்னா, புகார்ல அதையும் எழுதுங்க.

சும்மா_ஒருத்தன்:
எல்லாம் சரி. மாமியார் அறைஞ்சாளா இல்லையா?

மேலூர்_பையன்:
அம்மாவைக் கேட்டேன். அறையலையாம். மருமக கனவு கண்டாளாம்.