செர்பியாவில் மூன்று நாள்: எங்கே போகலாம்?

திருப்பூர்க்காரன்:
பனியன் ஆர்டர் விஷயமாக அடுத்த மாதம் பெல்கிரேடு போகிறேனுங்க. வேலை முடிந்து மூன்று நாள் கையில் இருக்கும். பழைய கோயில், கோட்டை என்றால் எனக்கு உயிர். எதை விடக்கூடாது?

பேரூர் வாசி:
ஸ்டூடெனிட்சா மடாலயத்தை விட்டுவிடாதீங்க. 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் செர்பியாவை ஆண்ட ஸ்டெபான் நெமான்யா கட்டியது, அவர் கல்லறையும் அங்கேதான். வெளிச்சுவர் முழுக்க வெள்ளைப் பளிங்கு. சன்னல் ஓரத்தில் கொடியும் இலையும் விலங்குகளுமாகச் செதுக்கியிருக்கிறார்கள். பேரூர்க் கனகசபைத் தூண்களைப் பார்த்து வளர்ந்த எனக்கே கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. உள்ளே மேற்குச் சுவரில் சிலுவைக் காட்சி, 1209ல் வரைந்தது. அந்த நீலத்தின் முன்னால் அரைமணி நேரம் நின்றேன். தோள், முழங்கால் மூடிய உடை போடுங்க. அங்கே இன்னும் துறவிகள் வாழ்கிறார்கள்.

திருப்பூர்க்காரன்:
சரிங்க, பஸ்ஸில் போக முடியுமா?

பேரூர் வாசி:
கிராலியெவோ வரை பஸ் நிறைய. அங்கிருந்து மலைப்பாதை, டாக்சிதான் நிம்மதி. ஒரு முழு நாள் ஒதுக்குங்க.

பவானிக்காரி:
அண்ணா, பெல்கிரேடிலேயே கலேமெக்தான் கோட்டை இருக்கிறது. சாயங்காலம் மதில் மேல் நில்லுங்க. கீழே சாவா ஆறு டான்யூபில் கலக்கும். கூடுதுறையில் பிறந்தவளுக்கு அங்கே கண் கலங்கிவிட்டது. அப்புறம் கிழக்கே கம்சிக்ராட்: ரோமப் பேரரசர் கலேரியஸ், தன் தாய் ரோமுலா பெயரில் எழுப்பிய அரண்மனை. 2007 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.