கம்ப்யூட்டரைப் பற்றித் தமிழில் எழுதிப் பிழைக்க முடியுமா? சேலத்தில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

சூரமங்கலம் கவி:
வணக்கம். பத்து வருடம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டேலியும் டைப்பிங்கும் சொல்லிக் கொடுத்தேன், போன வருடம் அதை மூடிவிட்டார்கள். இப்போது வீட்டிலிருந்தே எழுதலாம் என்று இருக்கிறேன். போன், பேங்க் ஆப், கம்ப்யூட்டர் இதெல்லாம் எங்கள் தெருவில் இருப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி தமிழில் எழுத வேண்டும், அதுதான் ஆசை. இரண்டு கட்டுரை எழுதிப் பார்த்தேன், அம்மா முதல் பத்தியிலேயே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். சர்வர், கிளவுட் என்று எழுதினால் புரியவில்லை, எல்லாவற்றையும் தூய தமிழில் மாற்றினால் அதுவும் புரியவில்லை. இந்த வேலையில் நிறைய வருடம் இருப்பவர்கள் என்னென்ன எழுதினீர்கள், குடும்பம் நடத்தும் அளவுக்கு வருமா என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய மோடம்:
தங்கச்சி, நான் 1998-லிருந்து இதைத்தான் செய்கிறேன், ஆனால் ஒரே மாதிரி வேலையாக என்றைக்கும் இருந்ததில்லை. வார இதழில் கேள்வி பதில், செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளில் ஓடிய பில்லிங் சாப்ட்வேருக்குக் கையேடு, 2011-ல் அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது பெற்றோருக்காக ஒரு சின்னப் புத்தகம், கொஞ்ச நாள் ரேடியோ பேச்சு, இப்போது வீடியோக்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஒன்று நின்றபோது இன்னொன்று தாங்கியது.

எழுதக் கற்றுக்கொண்டது அம்மாப்பேட்டையில் ஒரு தறிக்காரரிடம். புரோகிராம் என்றால் என்ன என்று அவருக்கு அரை மணி நேரம் விளக்கினேன், அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தறிக்கு மேலே இருந்த ஜக்கார்டு பெட்டியைக் காட்டி, "அட்டையில ஓட்டை இருந்தா கொக்கி நூலைத் தூக்கும், இல்லாட்டி நூல் அப்படியே கிடக்கும், அட்டையை மாத்தினா அதே தறியில வேற கரை விழும், இதைத்தானே சொல்றீங்க?" என்றார். அதேதான். ஜக்கார்டு என்பவர் பிரான்சில் இந்தத் தறியைக் கொண்டுவந்தது 1804 வாக்கில். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித் என்பவர் ஓட்டை போட்ட அட்டைகளை வைத்துத்தான் எண்ணினார், பிற்பாடு கம்ப்யூட்டருக்கே புரோகிராமை அட்டையில்தான் பல வருடம் கொடுத்தார்கள். அந்த நூலின் ஒரு முனை அவர் வீட்டிலேயே இருந்தது, நான்தான் வேறெங்கோ உதாரணம் தேடிக்கொண்டிருந்தேன்.

அதனால் தமிழ்ச் சொல்லா இங்கிலீஷ் சொல்லா என்பதை விடுங்கள். அம்மாவுக்கு கிளவுட் என்ற பேரே வேண்டாம். "போன் தொலைந்தாலும் போட்டோ போகாது, அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இன்னொரு பிரதி இருக்கிறது" என்று எழுதுங்கள், போதும்.

எழுதி முடித்ததும் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் விரல் தயங்குகிற இடத்தில் உங்கள் எழுத்தில் ஒரு வரி குறைகிறது. கொலுசுப் பட்டறைக் கையேட்டில் "என்டர் அழுத்தவும்" என்று எழுதியிருந்தேன். அங்கிருந்த கீபோர்டில் அந்த எழுத்தே தேய்ந்து போயிருந்தது. அப்புறம் "வலது பக்கம், வளைந்த அம்புக்குறி போட்ட பெரிய பட்டன்" என்று மாற்றினேன்.

இன்னொன்று, யூனிகோடில் மட்டும் எழுதுங்கள், எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு அது. அந்தக் காலத்து எழுத்துருக்களில் 'கெ' என்றால் கொம்பு முன்னால், ககரம் பின்னால், கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே பதிவாகும், யூனிகோடில் ககரம்தான் முதலில். அதுவும் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு கணக்கு. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் என் பழைய கட்டுரைகளைத் திறந்தால் வெறும் கிறுக்கல்தான், அதையெல்லாம் மாற்றவே ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது.

ஏற்காட்டு மிளகு:
பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன். நான் மொழிபெயர்ப்பும் ஆப்களுக்கான உதவிப் பக்கங்களும் செய்கிறேன். எழுத்து வேலை மட்டும் போதாத மாதங்கள் உண்டு, அப்போது வகுப்பு எடுப்பேன், உங்களுக்கும் அந்த அனுபவம் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். ஒரு நிறுவனம் என்னை எட்டு மாதம் இழுத்தடித்தது, அதிலிருந்து பாதிப் பணம் முன்னால் வாங்காமல் தொடங்குவதில்லை. உரிமையையும் கவனியுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுத்தில் மட்டுமே மாற்றிக் கொடுக்க முடியும், காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். "எல்லா உரிமையும் நிரந்தரமாக" என்று ஒரு வரி இருந்தால் விலையை ஏற்றுங்கள், இல்லையென்றால் அந்த வரியை அடியுங்கள்.

கடைவீதிக்காரன்:
கவி அக்கா, முதலில் யூபிஐ பற்றி எழுதுங்கள். எங்கள் அம்மா பூ விற்கிறார். யாரோ போன் செய்து, மாலைக்கு அட்வான்ஸ் அனுப்புகிறேன், பின் நம்பர் போட்டால் பணம் வரும் என்று சொல்லி 4,000 ரூபாயை எடுத்துவிட்டான். பணம் வாங்க பின் தேவையே இல்லை என்று அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை, கூடவே இருக்கிற நானும் சொல்லவில்லை. ஆன்லைன் மோசடிப் புகாருக்கான 1930 என்ற நம்பருக்கு உடனே போன் செய்ய வேண்டும் என்பதும் மறுநாள்தான் தெரிந்தது. ஒரே பக்கமாக எழுதிக் கொடுத்தால் பிரின்ட் எடுத்து எங்கள் வரிசைக் கடை எல்லாவற்றிலும் ஒட்டுகிறேன்.

சூரமங்கலம் கவி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரியே அந்த ஒரு பக்கத்தை எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். "பின் கேட்டால் உங்கள் பணம் போகப் போகிறது" என்ற வரியில் விரல் நின்றது. "பேலன்ஸ் பார்க்கவும் நம்பர் கேட்குதே, அப்ப பணம் போயிடுமா?" என்றார். எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன்: "பணம் அனுப்பவும் பேலன்ஸ் பார்க்கவும் பின் போட வேண்டும். பணம் வாங்கப் போட வேண்டியதில்லை." தம்பி, நாளைக்கு மத்தியானம் கடைவீதிக்கு வருகிறேன், ஒட்டுவதற்கு முன்னால் உங்கள் அம்மாவும் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.