டி3 சிங்க்ரோ கேம்பர் வான்: பின் டிஃபரன்ஷியல் லாக் விடுபடவில்லையா, அல்லது கோளாறு வேறெங்கேனுமா?

கேள்வி

வணக்கம். நான் ஜெர்மனியில் வசிக்கிறேன். சென்ற இலையுதிர் காலத்தில் 1989ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் டி3 சிங்க்ரோ (நான்கு சில்லு இழுவை கொண்ட) கேம்பர் வான் ஒன்றை வாங்கினேன். 2.1 லீற்றர் பெற்றோல் எஞ்சின், 14 அங்குலச் சில்லுகள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனியே டிஃபரன்ஷியல் லாக் (ஓர் அச்சின் இரண்டு சில்லுகளும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டும் பொறி) உண்டு. இரண்டையும் முகப்புப் பலகையில் உள்ள குமிழ்களை இழுத்துப் போட வேண்டும், தள்ளி எடுக்க வேண்டும். முன்னைய உரிமையாளர் பல வருடங்களாக அவற்றைத் தொட்டதே இல்லை என்று சொல்லித்தான் விற்றார்.

இரண்டு கிழமைகளுக்கு முன் ஒரு சரளைக்கல் பாதையில் நிறுத்திப் பின் லாக்கின் குமிழை இழுத்தேன். லாக் விழுந்ததைக் காட்டும் விளக்கு உடனே எரியவில்லை. சுமார் 200 மீற்றர் ஓடிய பிறகே எரிந்தது. திரும்பும்போது குமிழைத் தள்ளினேன். வீடு வந்து சேரும் வரை விளக்கு அணையவில்லை. மறுநாள் காலையில் வானை எடுத்தபோது தானாகவே அணைந்துவிட்டது. ஆனால், தார் போட்ட இடத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல வான் தயங்குகிறது. ரயர் உரசும் ஒலியும் கேட்கிறது. இவ்வொலி முன்பே இருந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஏனெனில் அதுவரை நான் கவனித்ததே இல்லை.

ஒரு பட்டறையில் காட்டினேன். லாக் உள்ளே இறுகிவிட்டது, கியர்பாக்ஸை இறக்கித் திறக்க வேண்டும் என்று சொல்லி, வானின் விலையில் பாதியளவு தொகையைக் கேட்டார்கள். ஜூலையில் டென்மார்க்கின் ஹிர்ட்ஸ்ஹால்ஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் ஐஸ்லாந்து சென்று, அங்குள்ள எஃப்26 மலைப்பாதையில் ஓட்ட எண்ணியிருக்கிறோம். கியர்பாக்ஸைத் திறக்கத்தான் வேண்டுமா? அந்தப் பாதையில் லாக்குகளை எப்போது, எப்படிப் பயன்படுத்துவது?

மறுமொழி 1

கியர்பாக்ஸைத் திறப்பதற்கு முன் வெளியே பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. உங்கள் வேனில் லாக்கை இயக்குவது கேபிளோ மோட்டாரோ அல்ல, வெற்றிடம். பெட்ரோல் எஞ்சினின் காற்றுக் குழாயில் உண்டாகும் வெற்றிடம், மெல்லிய குழாய்கள் வழியாக முன்னால் இருக்கும் குமிழுக்கு வந்து, அங்கிருந்து வண்டியின் அடிவயிறு வழியாக மறுபடியும் பின்னால் போய், கியர்பாக்ஸோடு பொருத்தியிருக்கும் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) பெட்டியைச் சேர்கிறது. அந்தப் பெட்டிக்கு இரண்டு குழாய்கள் வருகின்றன. ஒன்று லாக்கைப் போடுவதற்கு, மற்றொன்று எடுப்பதற்கு. ஆகவே போட்ட லாக் எடுபடவில்லை என்றால், எடுக்கும் பக்கத்துக் குழாய் மட்டும் எங்கோ வெடித்திருக்கக்கூடும். முப்பத்தைந்து வயதைக் கடந்த ரப்பர் வெடிக்காமல் இருந்தால்தான் வியப்பு.

விளக்கு தாமதமாக எரிவதைக் கண்டு கலங்க வேண்டாம். உள்ளே இருப்பது பல் வைத்த ஒரு வளையம். அது நகர்ந்து போய் எதிர்ப் பற்களின் இடுக்குகளில் விழ வேண்டும். பல்லுக்கு நேரே பல் நின்றால், இரண்டு சக்கரங்களுக்கும் இடையே சிறிது வேக வித்தியாசம் வரும் வரை வளையம் காத்துத்தான் இருக்கும். லேசாக வளைந்து சில மீட்டர் ஓட்டினால் விழுந்துவிடும். எடுக்கும்போதும் இதே கதைதான். பற்களின் மீது முறுக்கு இருக்கும் வரை வளையம் வெளியே வராது. நேராகச் சற்றுத் தூரம் ஓட்டி ஆக்சிலரேட்டரை விட்டாலோ, ஓரடி பின்னுக்கு எடுத்தாலோ முறுக்கு தளரும். ஆனால் 200 மீட்டர் என்பதும், வீடு சேரும் வரை அணையாமல் இருந்ததும் சற்று அதிகம். டயஃப்ரம் பெட்டிக்கும் அந்த வளையத்தை நகர்த்தும் உள்ளிருக்கும் கவைக்கும் இடையில் உள்ள தண்டு துருவால் சிக்குகிறது என்றே நினைக்கிறேன். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில், பயன்படுத்தாமல் விட்ட சிங்க்ரோக்களுக்கு வழக்கமாக வரும் நோய் இது.

முதலில், கையால் இயக்கும் ஒரு வெற்றிடப் பம்பை வாங்குங்கள் அல்லது கடன் பெறுங்கள். பெட்டியில் உள்ள இரண்டு குழாய்களையும் கழற்றி, ஒவ்வொரு வாயிலும் பம்பை மாட்டி இழுத்துப் பாருங்கள். பம்பின் முள் இறங்காமல் நின்றால் டயஃப்ரம் நன்றாக இருக்கிறது. முள் நின்றும் தண்டு அசையவில்லை என்றால் தண்டுதான் இறுகியிருக்கிறது. தண்டு தாராளமாக நகர்ந்தால், குற்றவாளி குழாய் அல்லது குமிழுக்குப் பின்னால் உள்ள வால்வு.

மறுமொழி 2

மேலே சொன்னதில் ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் கேள்வியில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் ஒன்றாகப் பின்னிக்கிடப்பதாகத் தோன்றுகிறது. விளக்கு எரிவது குமிழால் அல்ல, கியர்பாக்ஸில் உள்ள சுவிட்சால். அது அணைந்துவிட்டது என்கிறீர்கள். அப்படியானால், திருப்பத்தில் வேன் தயங்குவதற்குப் பின் லாக்கைக் குற்றம் சொல்வதற்கு முன் விஸ்கஸ் கப்ளிங்கைச் சந்தேகப்பட வேண்டும்.

இந்த வேன் அடிப்படையில் பின்சக்கரங்களால் ஓடுவது. கியர்பாக்ஸிலிருந்து ஒரு நீண்ட தண்டு முன்னால் சென்று முன் டிஃபரன்ஷியலைச் சேர்கிறது. அந்த டிஃபரன்ஷியல் கூட்டிற்குள்ளேயே சிலிகான் திரவத்தில் மிதக்கும் தகடுகள் அடங்கிய கப்ளிங் இருக்கிறது. முன்னுக்கும் பின்னுக்கும் வேக வித்தியாசம் கூடும்போது திரவம் தகடுகளைப் பிடித்து முன்சக்கரங்களுக்கும் இழுவையைத் தரும். வயதான கப்ளிங் சிறிய வித்தியாசத்துக்கே பிடித்துக்கொள்கிறது. இறுக்கமாகத் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் ஓட வேண்டியிருப்பதால், கப்ளிங் அதற்கு விடாமல் முரண்டு பிடித்தால் நீங்கள் எழுதிய அதே உணர்வுதான் வரும்.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. அந்த நீண்ட தண்டைக் கழற்றி வைத்துவிட்டு (எந்த விளிம்பு எதனோடு சேர்ந்திருந்தது என்று முன்கூட்டியே பெயின்டால் குறித்துக்கொள்ளுங்கள்), அதே இடத்தில் அதே திருப்பத்தை ஓட்டிப் பாருங்கள். தண்டு இல்லாமல் வேன் வெறும் பின்சக்கர வண்டியாக ஓடும். சோதனைக்கு அது போதும். தயக்கம் மறைந்தால் கப்ளிங், தொடர்ந்தால் பின் லாக். தண்டு கழன்றிருக்கும்போதே இரண்டு பின்சக்கரங்களையும் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின் மீது நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறுசக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால் லாக் விட்டிருக்கிறது. அதே திசையில் கூடவே சுற்றினால் விடவில்லை.

இன்னொன்று: முன் டயர்களும் பின் டயர்களும் அளவில் வேறுபட்டாலும் கப்ளிங் பிடித்துக்கொள்ளும். நான்கு டயர்களும் ஒரே நிறுவனத்துடையவையா, தேய்மானம் ஒத்திருக்கிறதா?

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. வார இறுதி முழுவதும் வானின் கீழேயே கழிந்தது. மனைவி தேநீரைத் தரையில் வைத்துத் தள்ளிவிட்டுப் போகும் நிலைக்கு வந்துவிட்டது.

அந்த நீண்ட தண்டைக் கழற்றியதும் தயக்கமும் ஒலியும் முற்றாக மறைந்தன. பின்சக்கரங்களை உயர்த்திச் சுற்றியபோது அவை எதிரெதிர்த் திசையில் சுற்றின. ஆகவே பட்டறையில் சொன்னது போல லாக் உள்ளே இறுகிக் கிடக்கவில்லை. ரயர்களைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது: பின்னால் உள்ள இரண்டும் புதியவை, முன்னால் உள்ளவை வேறொரு நிறுவனத்துடையவை, பாதிக்கு மேல் தேய்ந்தவை. வாங்கிய நாளிலிருந்து அப்படியே ஓட்டிவந்திருக்கிறேன்.

வெற்றிடப் பம்பை மாட்டினால் முள் அசையாமல் நிற்கிறது; ஆனால் டயஃப்ரம் பெட்டியின் தண்டு பாதி தூரம் வந்து நின்றுவிடுகிறது. எடுக்கும் பக்கத்துக் குழாயிலும் முழங்கை போல வளையும் இடத்தில் வெடிப்பு இருந்தது. இப்போது தண்டைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கலாமா?

மறுமொழி 1

வேண்டாம். அந்தக் கூடு அலுமினியம். சுத்தியல் பட்டால் நீங்கள் தவிர்க்க நினைத்த செலவே வந்து சேரும். சுற்றியுள்ள மண்ணை முதலில் தூரிகையால் நன்றாகத் துடைத்தெடுங்கள், இல்லையென்றால் கழற்றும்போது அது உள்ளே விழும். போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓரிரவு விடுங்கள். கீழே ஒரு தட்டை வைத்துக்கொண்டு பெட்டியைக் கழற்றி, தண்டை எண்ணெயில் நனைத்து, முன்னும் பின்னுமாகச் சுழற்றிச் சுழற்றி விடுவியுங்கள். துருவை மிக மெல்லிய உப்புத்தாளால் எடுத்துவிட்டு, நீரில் கரையாத கிரீஸைப் பூசி மாட்டுங்கள். பழைய சீல் வளையத்தை மறுபடியும் பயன்படுத்தாதீர்கள். குழாய்களில் வெடித்ததை மட்டும் மாற்றாமல் இரண்டையும் முழுநீளத்துக்கு மாற்றிவிடுவது நல்லது, ஏனெனில் அடுத்த வெடிப்பு ஐஸ்லாந்தில்தான் வரும்.

அதன் பிறகு மாதம் ஒருமுறை, சரளையிலோ புல்தரையிலோ, இரண்டு லாக்குகளையும் போட்டு 50 மீட்டர் ஓட்டி எடுங்கள். இந்தப் பொறி கெடுவது உழைத்து அல்ல, சும்மா இருந்துதான். எண்ணெயையும் மறக்க வேண்டாம்: கியர்பாக்ஸும் முன் டிஃபரன்ஷியலும் தனித்தனிக் கூடுகள், ஒன்றின் எண்ணெய் மற்றதற்குப் போகாது, கையேட்டில் ஒவ்வொன்றுக்கும் சொல்லியிருக்கும் தரத்தையே ஊற்றுங்கள்.

மறுமொழி 3

பயன்படுத்தும் முறையைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். எனக்கு டிஃபரன்ஷியல் லாக் அறிமுகமானது தஞ்சாவூர்ப் பக்கத்தில் டிராக்டரில்தான். சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றும்போது குதிகாலால் ஒரு பெடலை மிதிப்போம். மறுசக்கரமும் சேர்ந்து தள்ளும். வரப்பருகே திருப்புவதற்கு முன் காலை எடுத்துவிடுவோம். உங்கள் வேனிலும் இயற்பியல் அதேதான். ஆனால் பெடல் காலை எடுத்தால் தானாக மேலே வரும், குமிழ் நீங்கள் தள்ளும் வரை இழுத்தபடியே இருக்கும். கடினமான தரைக்கு ஏறியதும் தள்ள மறந்துபோவது ஒவ்வொருவருக்கும் ஒருமுறையாவது நேர்கிறது.

சிக்கிய பிறகு போடுவதைவிடச் சிக்குமிடத்துக்கு முன்பே நின்று போடுங்கள். எஞ்சின் மெதுவாக ஓடும்போது வெற்றிடம் வலுவாக இருக்கும்; ஆக்சிலரேட்டரை ஆழ மிதித்தால் குறைந்துவிடும். அதைவிட முக்கியமானது, சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது குமிழை இழுத்தால் பற்கள் ஒன்றோடொன்று மோதி முனை மழுங்கும். நின்று, இழுத்து, ஜி என்று குறித்த மெதுவான கியரைப் போட்டு, விளக்கு எரியும் வரை நடைவேகத்தில் நகருங்கள்.

முதலில் பின் லாக். பத்தில் ஒன்பது இடங்களில் அதுவே போதும். முன் லாக்கைப் போட்டால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், வேன் நேராகப் போகவே விரும்பும். வளைவு இல்லாத சில மீட்டர்களுக்கு மட்டுமே அதை வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் சரிந்த ஈரமான பாதையில் பின் லாக்கே ஆபத்து: லாக் இல்லாதபோது ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றது தரையைப் பிடித்து வண்டியை நிறுத்தும், லாக் போட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் பிடியை விட, பின்பக்கம் முழுவதும் சரிவில் இறங்கும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, வேலியில் சாய்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

ஐஸ்லாந்தின் ஆறுகளில் பனியாற்று நீர் பிற்பகலில் பெருகும். கடப்பதானால் காலையில் கடக்கவும். இறங்குவதற்கு முன்பே பின் லாக்கைப் போட்டுவிடுங்கள், நடு ஆற்றில் நின்று விளக்கை எதிர்பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்த நீரில் சாம்பல் நிற நுண்மணல் கலந்திருக்கும். அது டயஃப்ரம் பெட்டியின் தண்டில் படியும் என்பதால், அன்று மாலையே நல்ல நீரால் கழுவி லாக்கை ஓரிரு முறை போட்டு எடுங்கள். லாக் இருக்கிறது என்பதற்காகப் பாதையை விட்டு விலகிவிடாதீர்கள். அங்கே அது சட்டப்படி குற்றம்.

கேட்டவர்

பெட்டியின் தண்டு விடுபட்டுவிட்டது. குழாய்கள் இரண்டையும் மாற்றினேன்; இப்போது விளக்கு மூன்று நான்கு மீற்றருக்குள் எரிகிறது, தள்ளியதும் அணைகிறது. நான்கு புதிய ரயர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். கப்ளிங்கை இப்போதே மாற்ற வேண்டுமா, அல்லது ரயர்கள் ஒத்துப்போனதும் அது தானாகத் தளருமா?

மறுமொழி 2

கெட்டியான கப்ளிங் தளராது. ஆனால் உங்கள் தயக்கத்தில் எவ்வளவு கப்ளிங்கால், எவ்வளவு டயரால் என்பது புதிய டயர்களோடுதான் தெரியும். அவற்றைப் போட்டு, ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிச் சூடேற்றிய பிறகு அதே திருப்பத்தை மறுபடியும் சோதியுங்கள். கிளச்சை மிதித்ததும் வேன் உருளாமல் சட்டென்று நின்றால் பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள். இல்லையென்றால், தொடர்ந்து இழுத்து இழுத்து கியர்பாக்ஸையே அது தின்றுவிடும். லேசாக மட்டும் தயங்கினால் இந்த ஜூலையைத் தாங்கும். அதுவரை, நீண்ட தார்ச்சாலைப் பயணங்களுக்கு முன்னால் செல்லும் அந்த நீண்ட தண்டைக் கழற்றியே வையுங்கள், ஹிர்ட்ஸ்ஹால்ஸ் வரை உங்களுக்கு முன்சக்கர இழுவை தேவைப்படாது. தண்டின் போல்ட்டுகளை மட்டும் வேனுக்குள்ளேயே பத்திரமாக வையுங்கள்.