புதுப்பிப்பு: வேளாண் விரிவாக்க மையத்தில் கோடைப் பயிற்சி

விரிவாக்க மையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தால் கணினியில் பதிவேற்றும் வேலை மட்டுமே கிடைக்குமோ என்று ஏப்ரலில் இங்கே கேட்டிருந்தேன். தயங்காமல் சேரச் சொன்ன அனைவருக்கும் நன்றி. பண்ருட்டி வட்டாரத்தில் ஆறு வாரங்களை முடித்துவிட்டேன்.

பதிவேற்றும் வேலையும் இருந்தது. ஆனால் என் மனத்தில் நிற்பது ஆய்வுக்காக மண் மாதிரி எடுத்த நாட்கள்தான். ஒரு பாட்டி வரப்போரம் அள்ளிய மண்ணை மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார். வரப்போரம், எருக்குவியல், மரநிழல் ஆகிய இடங்களின் மண் வயலின் உண்மை நிலையைக் காட்டாது என்று விளக்கி, அவருடனேயே நிலத்துக்குச் சென்றேன். சருகை அகற்றி, ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவிய மண்ணைப் பத்து இடங்களில் சேகரித்துக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கி நீக்கி அரை கிலோவாகக் குறைத்தோம்.

“இத்தனை வருஷமும் உரக்கடையில சொன்னதத்தான் தம்பி போட்டேன்” என்றார் பாட்டி.

மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) செடியின் அடியில் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டால், அதிலுள்ள சுண்ணாம்புச்சத்தும் கந்தகமும் காய் பருப்பில்லாமல் பொக்காவதைக் குறைக்கும் என்பதை அவருக்குத் தாளில் எழுதிக் கொடுத்தேன். மண் ஆய்வு முடிவும் உரப் பரிந்துரையும் அடங்கிய மண்வள அட்டையைக் கையில் கொடுப்பதோடு நிறுத்தாமல், அருகில் உட்கார்ந்து படித்துச் சொல்ல ஓர் ஆள் அவசியம் என்பதே என் உறுதியான கருத்து. அவருடைய அட்டை வந்ததும் நானே எடுத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.