டிராமடால்னு வலி மாத்திரை, திடீர்னு நின்னா இப்படி ஆகுமா? யாருக்காச்சும் ஆச்சா?

பேரணாம்பட்டு மருமகள்:
அத்தைக்கு பீடி சுத்தியே முதுகு போச்சு. அந்த டிராமடால்தான், ரொம்ப வருஷமா. போன மாசம் புதுச் சீட்டு இல்லாம தரமாட்டேன்னுட்டாங்க கடைல. மறுநாள் ராத்திரி பார்க்கணுமே! கொட்டாவி மேல கொட்டாவி, மூக்குல தண்ணி, ஃபேன் காத்து பட்டாலே சிலிர்ப்பு, காலை ஒரு இடத்துல வைக்க முடியல. காத்து கருப்புன்னு பக்கத்து வீட்டம்மா வேப்பிலையோட வந்துட்டாங்க. விடிஞ்சதும் இவர் குடியாத்தம் போய் சீட்டு எழுதி வாங்கியாந்தார். போட்டு ஒரு மணி நேரம் இருக்கும், எழுந்து உட்கார்ந்து "தோசை இருக்காடி"ன்னாங்க. முதுகைப் பத்தி பேச்சே இல்ல. தோசை ஊத்தும்போது எனக்குத்தான் கை நடுங்குச்சு.

ஆம்பூர் டெய்லர்:
எங்க ஷூ கம்பெனி லைன்ல ஒரு தம்பி. கழுத்து வலிக்கு இதே மாத்திரை, மனச்சோர்வுக்கு வேற டாக்டர் தந்தது தனியா. ஷூ மேல்பாகம் தைக்கிற மிஷின் மேலயே வலிப்பு வந்து சாஞ்சான். ஆளாளுக்கு சாவிக்கொத்தை கைல திணிக்கிறாங்க, மிஷினை யாரும் நிறுத்தல. முன்னாடி வலிப்பே கிடையாது அவனுக்கு.

காட்பாடி சேகர்:
சும்மா பயமுறுத்தாதீங்கப்பா. எங்கப்பா முட்டி வலிக்கு இதைப் போட்டுத்தான் மார்க்கெட்டுக்கு நடக்கிறார்.

ரத்தினகிரி மருந்துக்கடை:
சேகர் சார், புத்துநோய் வலிக்கு இந்த ஓபியாய்டு வகை, அதாவது அபின் மாதிரி வேலை செய்யுற மருந்து வேணும், அதுல சண்டையில்ல. முட்டி, முதுகுக்கு மாசக்கணக்கா போட்டா உடம்பு பழகிடும், பழைய அளவு பத்தாது, திடீர்னு நின்னா மருமகள் சொன்ன மாதிரிதான் படுத்தும். அமெரிக்காவுல முதுகுவலி, மூட்டுவலிக்காரங்க 240 பேரை ஒரு வருஷம் வெச்சுப் பார்த்தாங்க, 2018ல வெளிவந்துச்சு. ஓபியாய்டு இல்லாத மருந்துல ஆரம்பிச்சவங்களைவிட, மார்ஃபின் மாதிரி வலுவான ஓபியாய்டு போட்டவங்க நடமாட்டம் ஒண்ணும் தேறல. அதே வருஷம் இங்க டிராமடால் போதைப்பொருள் சட்டத்துக்குள்ள வந்துச்சு, சீட்டு கேக்குற கடைக்காரனைத் திட்டிப் பிரயோஜனமில்ல. டெய்லர் சொன்ன சேர்க்கைக்கு வலிப்பு வரும், வாஸ்தவம். அப்பாவுக்கு தூக்க மாத்திரை இருக்கா? சாயங்காலம் ஒரு கட்டிங்? ரெண்டுமே இதோட சேர்ந்தா மூச்சு அடங்கும். மலச்சிக்கலையும் கேளுங்க, பெரியவங்க வாய் திறக்க மாட்டாங்க. அதுக்காக நாளைக்கே பிடுங்கிப் போட்டுடாதீங்க, டாக்டர் சொல்லி கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்.

பேரணாம்பட்டு மருமகள்:
அண்ணே, நான் யாரையும் திட்டலையே! இப்ப குறைச்சுக்கிட்டுத்தான் வர்றோம், ராத்திரி தூக்கமில்லன்னு தினம் சண்டை. அடுத்த வாரம் வேலூர்ல வலி சிகிச்சை டாக்டரைப் பார்க்கணும். பேரணாம்பட்டுலேர்ந்து காலைல எந்த பஸ் பிடிச்சா டோக்கன் கிடைக்கும்?