ஆயில் ஃபில்டருக்குக் கையா, ரெஞ்சா? முக்கால் சுற்றுப் பஞ்சாயத்து

இரட்டைச்சிலிண்டர்:
"ஆயில் ஃபில்டரைக் கையால் முக்கால் சுற்று திருகினால் போதும் என்பவன் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி அழகு பார்ப்பவன். ரெஞ்ச் போட்டு ஒரு இழுப்பு இழுத்தால்தான் நிம்மதி." ஆயில் பற்றிய இழையில் ஸ்பேனர்சாமி அண்ணன் நேற்று எழுதியது இது. அதற்கு 40 பேர் லைக் போட்டிருக்கிறார்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால் தனி இழை.

போன ஞாயிறு என் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக்குக்கு ஆயில் மாற்ற உட்கார்ந்தேன். முந்தைய சர்வீஸ் ஒரு பட்டறையில் செய்தது. இந்த வண்டியில் ஆயிலை வடிகட்டுகிற ஃபில்டர், திருகி மாட்டுகிற தகர டப்பா, இன்ஜினுக்கு முன்பக்கம், இரண்டு சைலன்சர் குழாய்க்கும் நடுவில் இருக்கிறது. கையால் திருகினேன், அசையவில்லை. உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்தேன், என் உள்ளங்கைதான் எரிந்தது. பெல்ட் ரெஞ்ச் போட்டேன், வழுக்கியது. கடைசியில் ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் அடித்து ஓட்டை போட்டு நெம்பினேன். தகரம் கிழிந்துகொண்டே வருகிறது, ஃபில்டர் மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. ஓட்டை வழியாக ஆயில் முழங்கை வரை வழிகிறது. மூன்று மணி நேரம். கழற்றிப் பார்த்தால் கேஸ்கெட் ரப்பர் நசுங்கி, ஒரு ஓரம் வெளியே பிதுங்கியிருந்தது.

ரெஞ்ச் கழற்றுவதற்கு. மாட்டுவதற்குக் கை போதும், முக்கால் சுற்று போதும்.

ஸ்பேனர்சாமி:
தம்பி, என் பெயரைப் போட்டே ஆரம்பித்துவிட்டீர்கள், சரி. நாமக்கல்லில் 22 வருஷமாகப் பட்டறை. லாரி, டிராக்டர், புல்லட் எல்லாம் இந்தக் கையில் வந்து போயிருக்கிறது. என் பட்டறையில் இறுக்கிய ஃபில்டர் ஒன்றுகூட வழியில் கழன்றதில்லை. முக்கால் சுற்று போட்டுவிட்டுக் கொல்லிமலை ஏறிய ஒரு பையன் என்ன ஆனான் தெரியுமா? 70 கொண்டை ஊசி வளைவு. பாதி ஏறுவதற்குள் ஃபில்டர் ஓரத்தில் ஆயில் கொப்பளித்து, பின் டயர் முழுக்க நனைந்து, வண்டி வழுக்கி விழுந்து, கை எலும்பு முறிவு. அந்த வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தவன் நான். அதைப் பார்த்தவனிடம் முக்கால் சுற்று பற்றிப் பேசாதீர்கள்.

கவாஸாகி_கோவை:
அண்ணே, அந்தப் பையன் பழைய கேஸ்கெட்டை எடுத்தானா என்று பார்த்தீர்களா? பழைய ஃபில்டரைக் கழற்றும்போது சில சமயம் ரப்பர் வளையம் இன்ஜின் முகத்திலேயே, அதாவது ஃபில்டர் உட்காரும் இடத்திலேயே, ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கறுப்பு மேல் கறுப்பு, அழுக்கும் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதன் மேலேயே புது ஃபில்டரை மாட்டினால் ரப்பர் மேல் ரப்பர். ஆயில் அழுத்தம் ஏறியதும் பிய்த்துக்கொண்டு வரும். ரெஞ்ச் போட்டு இறுக்கினாலும் வரும்.

சரியான வழி டார்க் ரெஞ்ச். இறுக்குகிற பலத்தை அளந்து, வைத்த அளவு வந்ததும் கிளிக் என்று சொல்லுமே, அது. என் நின்ஜா 650-க்கு சர்வீஸ் புத்தகத்தில் இறுக்க அளவு 17.5 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கிறது. அவ்வளவுதான், விவாதமே கிடையாது.

ஸ்பேனர்சாமி:
கேஸ்கெட் எல்லாம் பார்த்தேன். பார்க்காமல் பேசுவேனா? முக்கால் சுற்றுதான் காரணம்.

கோவைத் தம்பியே ரெஞ்ச் என்றுதானே சொல்கிறார். டார்க் ரெஞ்சும் ரெஞ்சுதான். என் கட்சிக்கு ஒரு ஓட்டு.

கவாஸாகி_கோவை:
நான் உங்கள் கட்சி இல்லை. 17.5 என்பது நீங்கள் ஒரு முழ நீளக் கம்பியைப் பிடித்து இழுக்கிற இழுப்பு இல்லை.

நீலகிரி_ரைடர்:
ஒரு சின்னக் கேள்வி. முக்கால் சுற்று என்றால் எங்கிருந்து எண்ணுவது? கேஸ்கெட் இன்ஜின் முகத்தைத் தொட்ட நொடியிலிருந்தா, கைக்கு இறுக்கம் தெரிய ஆரம்பித்த பிறகா? இரண்டுக்கும் நடுவில் கால் சுற்றுக்கு மேல் வித்தியாசம் வருகிறது. இதைச் சொல்லாமல் போதும், போதாது என்று எப்படிப் பேச முடியும்?

இரட்டைச்சிலிண்டர்:
17.5-ஐக் கையாலேயே கொண்டுவரலாம். காய்ந்த துணியால் ஃபில்டரைத் துடைத்து, நன்றாகப் பிடித்து முக்கால் சுற்று திருகினால் கிட்டத்தட்ட அதுதான் வரும். நான் ஆறு தடவை மாட்டியிருக்கிறேன், ஒரு சொட்டு ஒழுகியதில்லை.

ஸ்பேனர்சாமி:
ஆறு தடவையாம். நான் ஆறாயிரம் மாட்டியவன். ஹோண்டாவின் பெரிய வண்டிகளுக்கு 26 நியூட்டன் மீட்டர் போட்டிருக்கிறான், போய்ப் பாருங்கள். 26 கையால் வருமா? உங்கள் கையில் வருமா? ரெஞ்ச் வேண்டும் என்று ஜப்பான்காரனே சொல்லிவிட்டான்.

கவாஸாகி_கோவை:
26-உம் 17.5-உம் வெவ்வேறு ஃபில்டருக்கு. திரெட் (மரை) அளவு, கேஸ்கெட் அகலம் எல்லாம் மாறும். இன்னொன்று: பெட்ரோல் பங்க் பக்கத்துக் கடையில் வாங்கிய, சாக்கெட் மாட்டும் முனை அரை இஞ்ச் இருக்கிற டார்க் ரெஞ்சைக் கொண்டுவந்து இங்கே பேசாதீர்கள். அதில் பல 28-லிருந்தும் 40-லிருந்தும்தான் ஆரம்பிக்கும். 17.5-க்கு அது கிளிக் ஆகவே ஆகாது. கிளிக் வரும், வரும் என்று இழுத்துக்கொண்டே போவீர்கள். சின்ன ரெஞ்ச், கால் இஞ்சோ முக்கால்வாசி அரை இஞ்சோ, அதுதான் வேண்டும்.

மதுரைப்புல்லட்:
அது என்ன "முக்கால்வாசி அரை இஞ்ச்"? 3/8 என்று சொன்னால் வாய் வலிக்குமா? இப்படித்தான் போன வருஷம் செயின் லூப் (செயினுக்கு அடிக்கிற எண்ணெய்) இழையிலும் கணக்கைக் குழப்பி ஊரையே அடிக்க வைத்தீர்கள். அதற்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

எனக்கு இந்தச் சண்டையே புரியவில்லை. என் வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக். பேப்பர் ஃபில்டர், மேலே மூடி, போல்ட். மூடியைக் கழற்று, பழையதை எடு, ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்தை மாற்று, புதியதை வை, முடிந்தது. உங்கள் தகர டப்பாவுக்குத்தான் இவ்வளவு பஞ்சாயத்து.

கவாஸாகி_கோவை:
செயின் லூப் இழையில் நான் சொன்னது சரி. இன்றைக்கும் சரி. வேண்டுமென்றால் அங்கே போய்ப் பேசலாம்.

ஸ்பேனர்சாமி:
மதுரைக்காரர் சொல்கிற பேப்பர் ஃபில்டரிலும் மூடி போல்ட்டை எதால் இறுக்குகிறோம்? ஸ்பேனரால்தானே? கையாலா?

மதுரைப்புல்லட்:
அண்ணே, அலுமினியத்தில் இறங்குகிற சின்ன போல்ட் அது. உங்கள் மாதிரி இழுத்தால் திரெட் கையோடு வந்துவிடும். எனக்கு வந்தது. ஊர்ப் பெயர் சொல்லவில்லை, ஒரு பட்டறைக்காரர் "நல்லா இறுக்கிட்டேன் சார்" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினார். அடுத்த சர்வீஸில் போல்ட்டோடு அலுமினியத் துருவலும் சுருள் சுருளாக வந்தது. ஹெலிகாயில் (புது திரெட்டுக்கான கம்பிச் சுருள்) போட்டுச் சரிசெய்ய இரண்டு நாள் ஆனது.

ஸ்பேனர்சாமி:
அது கைத்தொழில் தெரியாதவன் வேலை. அதை என் தலையில் கட்டாதீர்கள்.

முதல்_சர்வீஸ்:
வணக்கம். நான் இந்தக் குழுவுக்குப் புதியவன். இன்டர்செப்டர்தான். நாளைக்கு முதல் தடவையாக நானே ஆயில் மாற்றப் போகிறேன். ஃபில்டரைக் கழற்றும்போது ஆயில் சைலன்சர் குழாயில் கொட்டாமல் இருக்க என்ன செய்வது? ரெஞ்ச் எந்த அளவு வாங்குவது?

இரட்டைச்சிலிண்டர்:
தம்பி, முதலில் வண்டியை அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஆயில் சூடானால் இளகி முழுக்க இறங்கும். ஆனால் உடனே கை வைக்க வேண்டாம், குழாய் சுடும். பத்துப் பதினைந்து நிமிஷம் ஆறட்டும். ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி ஆயிலை இறக்குங்கள், பிறகுதான் ஃபில்டர். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நீளவாக்கில் பாதியாக வெட்டி, ஃபில்டருக்கு அடியில் சரிவாகச் செருகினால் ஆயில் தகரக் கூரைத் தண்ணீர் மாதிரி நேராகத் தட்டில் விழும். குழாய் மேல் சமையல் அலுமினியத் தாளை ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். சிந்தினாலும் தாளோடு போய்விடும். இல்லையென்றால் முதல் தடவை வண்டி ஸ்டார்ட் செய்யும்போது புகை கிளம்பி அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்ப்பார்கள்.

கழற்ற கப் ரெஞ்ச்தான் நல்லது, ஃபில்டரின் பட்டைகளில் தொப்பி மாதிரி உட்காரும். 64, 65, 67 எம்எம் என்று பல அளவில் இருக்கிறது. புது ஃபில்டரைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், மாட்டிப் பார்த்து வாங்குங்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நான் கண்ணளவில் வாங்கி ஏமாந்தேன். ஒரு எம்எம் பெரிது, சுற்றிச் சுற்றி வழுக்கியது.

மாட்டுவதற்கு முன் கேஸ்கெட்டில் புது ஆயிலை விரலால் தடவுங்கள். காய்ந்த ரப்பர் திருகும்போது மடியும். பிறகு முக்கால் சுற்று.

ஸ்பேனர்சாமி:
எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டுக் கடைசி வரியில் தம்பியைப் படுக்க வைத்துவிட்டார். முக்கால் சுற்று போதாது. கொல்லிமலைப் பையனை நினைத்துக்கொள்.

அதோடு ஸ்க்ரூடிரைவர் வித்தை பற்றி. முதல் பதிவில் தகரம் கிழிந்தது என்கிறார். நடுவில் குத்தினால் கிழியும். அடிப்பக்கத்தில், இன்ஜினுக்கு இரண்டு விரல் தள்ளிக் குத்த வேண்டும், இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வர வேண்டும். 22 வருஷத்தில் எனக்கு ஒன்றும் கிழியவில்லை.

கவாஸாகி_கோவை:
இன்ஜின் ஓரமாகக் குத்தினால் நடுவில் இருக்கிற திரெட் குழாயில் போய் முட்டும். அது நசுங்கினால் ஃபில்டர் செலவு இல்லை, வேறு செலவு. பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி அதன் மேல் பெல்ட்டைப் போட்டால் வழுக்காது. இல்லையென்றால் கே அண்ட் என் மாதிரி தலையில் 17 எம்எம் நட் வைத்த ஃபில்டர் வாங்கிவிடுங்கள். சாதாரண ஸ்பேனர் போதும்.

ஸ்பேனர்சாமி:
ஆங்! நட் ஏன் வைத்திருக்கிறான்? ரெஞ்ச் போடத்தானே? கம்பெனிக்காரனே ரெஞ்ச் போடு என்று நட் வைத்துக் கொடுக்கிறான். இங்கே கை, கை என்று கத்துகிறார்கள்.

இரட்டைச்சிலிண்டர்:
கழற்ற!!! கழற்றுவதற்கு வைத்திருக்கிறான் அண்ணே. ஓடி ஓடிச் சூடேறி, ஆறி, மறுபடி சூடேறி ரப்பர் இன்ஜின் முகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மாட்டியதைவிடக் கழற்ற எப்போதும் அதிக பலம் வேண்டும். அதற்குத்தான் நட். இதைத்தானே முதல் பதிவிலிருந்து சொல்கிறேன்.

ஸ்பேனர்சாமி:
நட்டில் "கழற்ற மட்டும்" என்று எழுதியிருக்கிறதா?

நீலகிரி_ரைடர்:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மார்க்கர் பேனாவால் ஃபில்டரில் ஒரு கோடு போட்டு, கேஸ்கெட் தொட்டதும் கோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து எண்ணுவது என் வழக்கம். நீங்கள் எல்லாரும் எங்கிருந்து எண்ணுகிறீர்கள்?

மதுரைப்புல்லட்:
பழைய ஆயிலை என்ன செய்கிறீர்கள் என்று யாரும் பேசவில்லையே. எங்கள் தெருவில் ஒருத்தர் சாக்கடையில் ஊற்றுகிறார். கேட்டால் சண்டைக்கு வருகிறார். நான் கேனில் பிடித்து வைத்து, வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிடுவேன்.

ஸ்பேனர்சாமி:
எங்கள் ஊரில் கதவுக்கும் கரையானுக்கும் பூசுவார்கள். வீணாகாது.

மதுரைப்புல்லட்:
அதுவும் மண்ணுக்குள்தானே போகிறது அண்ணே. கிணறு பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும்? கார் ஆயிலைப் பைக்கில் ஊற்றலாம் என்று சொன்னவர்தானே நீங்கள்.

ஸ்பேனர்சாமி:
நான் அப்படிச் சொல்லவில்லை. பழைய வண்டிக்கு, அவசரத்துக்கு ஊற்றலாம் என்றேன். வார்த்தையைத் திரிக்காதீர்கள்.

கவாஸாகி_கோவை:
அவசரத்துக்கும் கூடாது. கிளட்ச் ஆயிலிலேயே குளிக்கிற வண்டி இது. ஆயில் டப்பாவில் ஜாசோ (ஜப்பான் தர முத்திரை) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். கார் ஆயிலில் வழுவழுப்புக்குப் போடுகிற மருந்து கிளட்ச் தட்டை வழுக்க வைக்கும், மேட்டில் இன்ஜின் கத்தும், வண்டி போகாது. எம்பி என்று போட்டது ஸ்கூட்டருக்கு.

ஸ்பேனர்சாமி:
இழை ஃபில்டரைப் பற்றியது. பேச்சை மாற்றுகிறார்கள். ஏனென்றால் முக்கால் சுற்றுக்கு அவர்களிடம் பதில் இல்லை. நான் மறுபடி கேட்கிறேன். கொல்லிமலையில் அந்த ஃபில்டர் ஏன் ஒழுகியது?

இரட்டைச்சிலிண்டர்:
இரண்டு கேஸ்கெட்.

ஸ்பேனர்சாமி:
பார்த்தீர்களா நீங்கள்?

இரட்டைச்சிலிண்டர்:
நீங்கள் பார்த்தீர்களா? ஃபில்டரைக் கழற்றி, ரப்பரை எண்ணினீர்களா? ஒன்றா, இரண்டா?

ஸ்பேனர்சாமி:
ரத்தத்தோடு பையன் உட்கார்ந்திருக்கிறான், நான் ரப்பர் எண்ணிக்கொண்டிருப்பேனா? புது ஃபில்டரை மாட்டி, ரெஞ்ச் போட்டு இறுக்கி, அதே வண்டியை அவன் அண்ணன் ஓட்டிக்கொண்டு போனான். ஒரு சொட்டு ஒழுகவில்லை. இது போதாதா?

கவாஸாகி_கோவை:
புது ஃபில்டர் மாட்டும்போது முகத்தைத் துடைத்திருப்பீர்கள். பழைய ரப்பர் அப்போதே போயிருக்கும். அதனால் ஒழுகவில்லை.

ஸ்பேனர்சாமி:
ரெஞ்ச் போட்டதால் ஒழுகவில்லை.

முதல்_சர்வீஸ்:
அண்ணன்மார்களே, மாற்றிவிட்டேன். பாட்டில் வித்தை நன்றாக வேலை செய்தது, அலுமினியத் தாளும். பழைய ஃபில்டர் கப் ரெஞ்சில் டக்கென்று வந்தது. புதியதைக் கையால் மாட்டினேன். ஆனால் கோடு போடவில்லை, அரை சுற்றா, ஒரு சுற்றா என்று தெரியவில்லை. ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் ஓடவிட்டேன், ஆயில் விளக்கு மூன்று நொடியில் அணைந்தது, அடியில் துணியால் துடைத்துப் பார்த்தேன், காய்ந்துதான் இருக்கிறது. இப்போது ரெஞ்ச் போட்டு இன்னும் கொஞ்சம் இறுக்கட்டுமா, அப்படியே விடட்டுமா?

ஸ்பேனர்சாமி:
இறுக்கு.

இரட்டைச்சிலிண்டர்:
தொடாதீர்கள் தம்பி. பழைய ஃபில்டரைத் திருப்பி, ரப்பர் அதிலேயே இருக்கிறதா என்று முதலில் ஒரு போட்டோ போடுங்கள்.